முகம் வரைந்து சலித்தவர்

போன இதழில் ஒருவர், 'பேரும் பணமும் கொட்டிக்கொண்டிருக்கும்போதே தொழிலை விட்டவர் யாராவது உண்டா?' என்று கேட்டிருந்தார். 'ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். முகம் வரையும் தொழிலை 1907ல் விட்டார். ஏன் என்று அவர் கடிதங்களைப் படித்தால் தெரியும்' என்று மூன்றே வரியில் பதில் சொல்லிவிட்டு நழுவியிருந்தேன். நீங்கள் விடுவதாக இல்லை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இவரைப் பற்றித்தான். அதனால் இந்த முறை அரசியல், சினிமா, சமையல் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

கேள்வி: யார் சார் இந்த சார்ஜென்ட்? ராணுவக்காரர் பெயர் மாதிரி இருக்கிறதே?

அமெரிக்கப் பெற்றோருக்கு இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகரத்தில், 1856ல் பிறந்தவர். அப்பா ஃபிலடெல்ஃபியாவில் கண் மருத்துவர். முதல் குழந்தை இறந்துபோன துக்கத்தில் மனைவியை அழைத்துக்கொண்டு ஐரோப்பா வந்தவர், கடைசிவரை திரும்பிப் போய்க் குடியேறவில்லை. குளிர்காலத்துக்கு ஓர் ஊர், கோடைக்கு இன்னோர் ஊர் என்று குடும்பமே பெட்டியும் கையுமாகத் திரிந்தது. பையன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் நான்கு மொழிகளும் பியானோவும் வந்துவிட்டன. 'தாய்நாடு' அமெரிக்காவை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தபோது அவருக்கு இருபது வயது.

பதினெட்டு வயதில் பாரிஸில் கரோலஸ் டுரான் என்ற ஓவியரிடம் சேர்ந்தார். அந்தக் காலத்தில் முதலில் கோட்டுப்படம், அதன்மேல் மெல்ல மெல்ல வண்ணம் என்பதுதான் வழக்கம். டுரான் அதெல்லாம் வேண்டாம், தூரிகையிலேயே நேராக ஆரம்பி என்றார். 'வெலாஸ்கஸைப் பார், வெலாஸ்கஸைப் பார்' என்று அந்த ஸ்பானிய ஓவியர் பெயரை மந்திரம் மாதிரி ஓதுவாராம். சார்ஜென்ட் அதைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில், 1879ல், குருவையே வரைந்து பாரிஸ் 'சலோன்' கண்காட்சியில் வைத்துப் பாராட்டும் வாங்கிவிட்டார். சீடன் குருவை மிஞ்சியதற்கு சாட்சியாக குருவின் படமே தொங்கியது!

கேள்வி: 'சொசைட்டி பெயின்ட்டர்' என்று சிலர் அவரை இளக்காரமாகச் சொல்கிறார்கள். பணக்காரர்களை வரைந்தால் தப்பா?

தப்பில்லை. வெலாஸ்கஸ் வரைந்தது ராஜாவை. காசு கொடுப்பவர் யார் என்று பார்த்துக் கலையை எடை போட்டால் அருங்காட்சியகங்களில் பாதிச் சுவர் காலியாகிவிடும். இளக்காரம் வருவது வேறு இடத்திலிருந்து. படம் வாங்குகிறவரே படத்தில் இருக்கிறவர் என்றால், உண்மையைச் சொல்ல ஓவியருக்கு எவ்வளவு தைரியம் இருக்கும்? அந்த சந்தேகம் நியாயமானதுதான். அதற்குக் கீழே வருகிறேன்.

கேள்வி: கடிதங்கள், கடிதங்கள் என்றீர்களே, அப்படி என்ன எழுதினார்?

முதலில் ஒரு எச்சரிக்கை. உள்ளத்தைக் கொட்டும் இலக்கியக் கடிதங்களை எதிர்பார்க்காதீர்கள். இவர் எழுதியவை பெரும்பாலும் சின்னச் சின்னக் குறிப்புகள்: நாளைக்கு வர முடியாது, வியாழக்கிழமை உட்காரலாம், அந்தக் கறுப்பு உடையையே போட்டுக்கொண்டு வாருங்கள். ஆனால் நண்பர்களுக்கு எழுதும்போது திடீரென்று ஒரு குறும்பு எட்டிப் பார்க்கும். அதுதான் ருசி.

என்னைக் கேட்டால், இந்த மனிதரின் தொழில் வாழ்க்கையே இரண்டு வகைக் கடிதங்களுக்கு நடுவில் ஓடியது. ஆரம்பத்தில் 'உங்களை வரைய அனுமதியுங்கள்' என்று தூது விட்ட கடிதங்கள். கடைசியில் 'தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள்' என்று கெஞ்சிய கடிதங்கள்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம், பாரிஸில் எல்லார் கண்ணும் மொய்த்துக்கொண்டிருந்த விர்ஜினி அமெலி கோத்ரோ என்ற அழகியை வரைய அவர் போட்ட திட்டம். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பாரிஸ் பேங்கர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண். அவர் படம் கேட்கவில்லை, காசும் தரவில்லை. சார்ஜென்ட்தான் பின்னால் போனார். இருவருக்கும் தெரிந்த பென் டெல் காஸ்டியோ என்ற நண்பருக்கு எழுதினார்: அவரை வரைய எனக்குப் பெரிய ஆசை, அவர் அழகுக்கு இப்படி ஒரு மரியாதை செய்ய யாராவது வரமாட்டார்களா என்று அவரும் காத்திருப்பதாகத் தெரிகிறது, நான் அபாரத் திறமைசாலி என்று நீ அவரிடம் சொல்லிவை! இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பையன் தனக்குத்தானே சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொள்கிறான். நமக்குத்தான் வெட்கமாக இருக்கிறது, அவருக்கு இல்லை.

சம்மதம் கிடைத்ததும் தொனி மாறுகிறது. சிறுவயதுத் தோழி வயலட் பேஜட், 'வெர்னன் லீ' என்ற ஆண் பெயரில் எழுதிய எழுத்தாளர், அவருக்குப் போன கடிதம் இது. உடம்பு முழுக்கப் பவுடர் பூசி ஒரே மாதிரி ஊதா நிறத்தில், மை ஒற்றும் தாள் நிறத்தில் இருப்பவர்களை உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதென்றால் என் நாயகியையும் பிடிக்காது என்று கிண்டல். அதே மூச்சில், ஆனால் அவர் உடல் கோடுகளின் அழகைச் சொல்லி மாளாது என்றும் எழுதுகிறார். கோடையில் பிரான்ஸின் பிரிட்டானிப் பகுதியில் கோத்ரோவின் வீட்டுக்கே போய்த் தங்கி வரைந்தபோது அதே தோழிக்கு இன்னொரு புலம்பல்: வரைய முடியாத அழகோடும் திருத்த முடியாத சோம்பலோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மணிக்கு ஒரு இடத்தில் நிற்கப் பொறுமை இல்லை. பென்சிலிலும் வண்ணத்திலும் எத்தனையோ மாதிரிப் படங்கள் போட்டுப் போட்டுத்தான் அந்த நிலைக்கு வந்தார்: கறுப்பு உடை, வெளுத்த தோள், ஒரு கை மேஜைமேல், முகம் முழுக்கப் பக்கவாட்டில்.

1884 சலோனில் படம் வந்தபோது தலைப்பில் பெயருக்குப் பதில் மூன்று நட்சத்திரக் குறிகள்தான் இருந்தன. என்ன பிரயோசனம், பாரிஸ் முழுக்க யாரென்று தெரிந்துவிட்டது. படத்தில் வலது தோள்பட்டை நாடா நழுவிக் கையில் விழுந்திருந்தது. அந்த ஒரு நாடாவுக்கும், அந்தச் சவக்களையான நிறத்துக்கும், கூட்டம் கூடிச் சிரித்தது, முகம் சுளித்தது. அந்தப் பெண்ணின் அம்மா அழுதுகொண்டே வந்து, என் மகள் வாழ்க்கையே போச்சு, படத்தை எடுத்துவிடு என்றார். சார்ஜென்ட் எடுக்கவில்லை, அவர் எப்படி இருந்தாரோ அப்படித்தான் வரைந்திருக்கிறேன் என்றார். கண்காட்சி முடிந்த பிறகு நாடாவை மட்டும் தோளுக்கு மேலே ஏற்றிவைத்து, படத்தைத் தன் ஸ்டூடியோவிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டார்.

கேள்வி: அந்த அவமானத்துக்குப் பிறகு எப்படி எழுந்தார்?

உடனே எழவில்லை. பாரிஸில் புதிதாகப் படம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஓவியத்தையே விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விடலாமா என்று அவர் பேசியதாக நண்பர் எட்மண்ட் காஸ் பதிவு செய்திருக்கிறார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் அவரை லண்டனுக்கு இழுத்தார். 1886ல் செல்சியில், டைட் தெருவில், முன்பு ஓவியர் விஸ்லர் இருந்த ஸ்டூடியோவில் குடியேறினார்.

ஆங்கிலேயர்களுக்கும் முதலில் பயம்தான். 'பாரிஸ் பாணி' என்றாலே சந்தேகம். அந்தச் சந்தேகத்தைக் கரைத்தது பிராட்வே என்ற கிராமத்தில் வரைந்த ஒரு தோட்டத்துப் படம். வெள்ளை உடை போட்ட இரண்டு சிறுமிகள், லில்லிப் பூக்களுக்கு நடுவே நின்று காகித விளக்கு ஏற்றுகிறார்கள். அந்தி வெளிச்சம் அந்த ஊதா நிறத்தில் நிற்பது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். தங்கை எமிலிக்கு எழுதினார்: அசாத்தியமான நிறங்கள், என்னிடம் இருக்கும் வண்ணங்களுக்கு அந்தப் பிரகாசம் போதாது, அதுவும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. பத்துப் பத்து நிமிஷமாக 1885 இலையுதிர்காலம் முழுக்க வரைந்து, செடியில் பூ உதிர்ந்ததும் செயற்கைப் பூவைக் கட்டிவைத்து, மறுவருஷமும் தொடர்ந்து முடித்தார். 1887ல் அது தேசத்துக்காக வாங்கப்பட்டது. இன்று லண்டன் டேட் ஓவிய அரங்கில் இருக்கிறது.

ஆனால் அவருடைய அதிர்ஷ்டக் கதவைத் திறந்தது அமெரிக்காதான். 1887ல் அங்கே போனவர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வரைந்து தள்ளினார். 1888ல் பாஸ்டனில் முதல் தனிக் கண்காட்சி. லண்டன் சீமாட்டிகள் முழுசாக மனம் மாறியது 1893ல், லேடி அக்னியூவின் படம் ராயல் அகாடமியில் தொங்கிய பிறகு. ஜுரத்தில் கிடந்து தேறியவர் நாற்காலியில் சாய்ந்தபடி உங்களை நேராகப் பார்ப்பார். அந்தப் பார்வையைப் பார்த்தவர்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள்.

கேள்வி: எத்தனை நாள் உட்காரவேண்டும்? வரையும்போது பேசுவாரா, பேசக்கூடாதா?

பொதுவாக எட்டுப் பத்து அமர்வுகள். லேடி அக்னியூவுக்கு ஆறே போதுமாயிருந்தது. வெர்னன் லீயை ஒரே அமர்வில், ஏதோ மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டார். அந்த அம்மாள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது படத்திலேயே தெரிகிறது, உதடு பாதி திறந்திருக்கும்.

கேன்வாஸை உட்கார்ந்திருப்பவர் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். பின்னால் போய் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார், வேகமாக முன்னால் வந்து ஒரு தீற்று, மறுபடி பின்னால். இப்படி ஒரு நாளைக்கு நாலு மைல் நடக்கிறேன் என்று சொல்லிக்கொள்வார். சரிவராவிட்டால் ஒட்டுப்போட்டுத் திருத்துவது கிடையாது. சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் படங்களில் தூரிகை அவ்வளவு அலட்சியமாக, ஒரே வீச்சில் போனதுபோல் இருக்கும். அந்த ஒரு வீச்சுக்கு முன் எத்தனை வீச்சுகள் சுரண்டப்பட்டன என்பது நமக்குத் தெரியாது. இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற பாஸ்டன் சீமாட்டிக்கு எட்டு முறை வரைந்து எட்டும் பிடிக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்தபோது, ஒன்பது ராசியான எண், இன்னொரு தடவை பாருங்கள் என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தாராம். ஒன்பதாவது நின்றது. கண்காட்சியில் ஊர் வம்பு பேசியதால், இனி இதை வெளியில் காட்டவேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டது தனிக்கதை.

அலுத்துப்போனால் நடுவில் எழுந்துபோய்ப் பியானோ வாசிப்பார். சிலரிடம் அந்தச் சலுகை எடுபடாது. 1903ல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட்டை வரைய நல்ல வெளிச்சம் தேடி இருவரும் அறை அறையாக அலைந்தார்கள். மாடிப்படியில் ரூஸ்வெல்ட் பொறுமை இழந்து, உமக்கு என்ன வேண்டும் என்றே உமக்குத் தெரியவில்லை என்றார். போஸ் என்றால் என்னவென்று உங்களுக்குத்தான் தெரியவில்லை என்று இவர் திருப்பிச் சொன்னார். கோபத்தில் ரூஸ்வெல்ட் கைப்பிடித் தூணைச் சட்டென்று பற்றித் திரும்ப, அப்படியே அசையாதீர்கள் என்று அதையே வரைந்ததாகக் கதை.

கேள்வி: வரையப்பட்டவர்கள் என்ன சொன்னார்கள்? யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா?

எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார். தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில், தன் வெல்வெட் கோட்டில், தன் மீசையை முறுக்கிக்கொண்டே தான் நடப்பதுபோலவும், ஓரத்தில் மனைவி இந்திய உடையில் உட்கார்ந்திருப்பதுபோலவும் சார்ஜென்ட் வரைந்திருக்கிறார், பிரமாதமாக வந்திருக்கிறது, ஆனால் கண்காட்சியில் வைக்க முடியாத அளவு விசித்திரம் என்று நண்பருக்குக் கடிதம் போட்டார். நடுவே ஒரு கதவு பப்பரப்பே என்று திறந்துகிடக்கும். உட்காரச் சொன்னால் உட்காராமல் நடந்துகொண்டே இருப்பவரை வேறு எப்படி வரைவதாம்?

கேள்வி: ஒரு படத்துக்கு எவ்வளவு வாங்கினார்?

உச்சத்தில், 1900 வாக்கில், முழு உருவத்துக்கு ஆயிரம் கினி. ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அமெரிக்கர்களுக்கு ஐயாயிரம் டாலர்.

கேள்வி: முகஸ்துதி செய்தாரா இல்லையா? நழுவாமல் பதில் சொல்லவும்.

சரி, நழுவவில்லை. செய்தார். பல சீமாட்டிகளுக்குக் கழுத்தும் விரலும் ஆண்டவன் கொடுத்ததைவிட ஒரு பிடி நீளமாகக் கிடைத்தன. பட்டுத்துணியை வரைகிற சந்தோஷத்தில் முகத்தை மறந்த படங்களும் உண்டு. ஆனால் ஆள் பிடித்துவிட்டால் முகஸ்துதி ஓடிவிடும். ஆஷர் வெர்தைமர் என்ற யூதக் கலைப்பொருள் வியாபாரியின் குடும்பத்துக்குப் பன்னிரண்டு படம் வரைந்தார். வேலை முடிகிற வழியாக இல்லை என்று, 'நாள்பட்ட வெர்தைமர் நோய்' பிடித்திருக்கிறது எனக்கு என ஒரு தோழிக்கு எழுதினார். புலம்பல்தான், ஆனால் அந்தக் குடும்பம் அவருக்கு நெருங்கிய நட்பு. அந்த முகங்களில் இருக்கும் துடிப்பு அவர் வரைந்த பிரபுக்களில் பாதிப் பேருக்குக் கிடையாது. அந்தப் படங்கள் பிறகு லண்டன் நேஷனல் கேலரிக்கு வந்தபோது நாடாளுமன்றத்திலேயே முணுமுணுத்தார்கள். ஓவியத்தைப் பார்த்து வந்த முணுமுணுப்பு அல்ல அது என்பது உங்களுக்கே புரியும்.

கேள்வி: அவ்வளவு வருமானத்தை ஏன் விட்டார்? உடல்நலக் குறைவா?

உடம்பு கல்லுமாதிரி இருந்தது. மனசுதான் ஒத்துழைக்கவில்லை. வருகிறவர்களை உட்காரவைத்து, சிரித்துப் பேசி, உள்ளே எரிச்சல் இருந்தாலும் முகத்தில் சந்தோஷம் காட்டி, முடிந்தபிறகு 'வாய் மட்டும் கொஞ்சம் சரியில்லையே' என்று அத்தை, மாமியார், சித்தப்பா எல்லாரும் சொல்வதைக் கேட்டு. வாயில் ஏதோ கோளாறு உள்ள படத்துக்குப் பெயர்தான் போர்ட்ரெய்ட் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் வழங்குகிறது. ஒவ்வொரு படம் வரையும்போதும் ஒரு நண்பரை இழக்கிறேன் என்பதும் அவர் பேரில் உள்ளதுதான்.

1907ல் நண்பர் ரால்ஃப் கர்ட்டிஸுக்கு எழுதிய கடிதத்தில் 'போர்ட்ரெய்ட்' என்ற சொல்லையே வேண்டுமென்று தப்பாக, 'பாட்ரெய்ட்' என்று மேட்டுக்குடிக்காரர்கள் இழுத்துப் பேசுவதுபோல எழுதுகிறார்: இனிமேல் அது கிடையாது, எனக்கு வெறுத்துவிட்டது, இன்னொன்று வரையவே கூடாது, அதிலும் முக்கியமாக மேல்வர்க்கத்தாரை. அதே வருஷம் லேடி ரேட்னருக்கு: உங்கள் வாசல்கேட்டை, வேலியை, தானியக் கொட்டகையை வரையச் சொல்லுங்கள், சந்தோஷமாக வரைகிறேன், மனித முகம் மட்டும் வேண்டாம். ஒரு சீமாட்டிக்கு இதைவிட மரியாதையாக 'முடியாது' என்று எப்படிச் சொல்வது? அந்த வருஷமே வந்த 'சர்' பட்டத்தையும் வேண்டாம் என்றார். அமெரிக்கக் குடியுரிமையை விட மனமில்லை. அமெரிக்காவில் அவர் நிரந்தரமாக வாழ்ந்ததே கிடையாது என்பதைச் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொருத்தமும் நடந்தது. அதே 1907ல் ஹங்கேரி ஓவியர் ஃபிலிப் டி லாஸ்லோ லண்டனுக்குக் குடிவந்தார். வரிசையில் நின்ற சீமாட்டிகள் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கேள்வி: அப்படியானால் 1907க்குப் பிறகு முகமே வரையவில்லையா?

வரைந்தார். குடிகாரர் சபதம் மாதிரிதான் கொஞ்சம். நச்சரிப்பவர்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: கரித்துண்டால் தலை மட்டும், ஒரே அமர்வு, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'மூஞ்சிகள்' என்று அவற்றுக்கு அவர் வைத்த செல்லப்பெயர். நூற்றுக்கணக்கில் வரைந்தார். ஹென்றி ஜேம்ஸின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நண்பர்கள் பணம் திரட்டிப் படம் கேட்டபோது வரைந்து கொடுத்துவிட்டு காசு வாங்க மறுத்தார். மறுவருஷம் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராளி ஒருவர் கண்காட்சியில் அந்தப் படத்தைக் கத்தியால் கிழித்தார், சரிசெய்தவரும் சார்ஜென்ட்தான்.

முதல் உலகப்போர்க் காலத்தில் இன்னும் வேடிக்கை. செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக, சார்ஜென்ட் வரையப்போகும் ஒரு வெற்றுக் கேன்வாஸ் ஏலம் போனது. ஹியூ லேன் என்ற கலைப்பொருள் வியாபாரி பத்தாயிரம் பவுண்டுக்குக் கேட்டார். யாரை வரைவது என்று சொல்வதற்குள், 1915ல், லூசிடானியா கப்பலோடு மூழ்கிப்போனார். அந்த உரிமை டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவிய அரங்குக்குப் போய், அவர்கள் ஜனாதிபதி உட்ரோ வில்சனைத் தேர்ந்தெடுத்து, 1917ல் சார்ஜென்ட் மறுபடி வெள்ளை மாளிகையில் போய் நின்றார்.

மற்ற நேரமெல்லாம் நீர்வண்ணம், மலை, ஓடை, வெனிஸ் படகுகள், பாஸ்டன் நூலகத்துச் சுவர் ஓவியங்கள். சுவர் ஓவியம்தான் தன் பெரிய சாதனை என்று நம்பினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கேள்வி: புதிய ஓவியப் போக்குகளைப் பற்றி என்ன நினைத்தார்?

பிரெஞ்சு ஓவியர் மொனே அவருக்கு நண்பர். மானே என்ற இன்னொரு ஓவியரின் 'ஒலிம்பியா' படம் பிரான்ஸை விட்டுப் போகக்கூடாது என்று மொனே நிதி திரட்டியபோது இவரும் பணம் கொடுத்தார். அதற்கு அப்பால் வரவில்லை. 1910ல் லண்டனில் செசான், வான்கோ, கோகன் படங்கள் வந்தபோது, விமர்சகர் ரோஜர் ஃப்ரை இவரையும் ஆதரவாளர் பட்டியலில் சேர்த்துவிட்டார். பொதுவில் வாய்திறக்கவே கூச்சப்படும் மனிதர், ஒரு வார இதழுக்குக் கடிதம் எழுதினார்: அவை கலைப் படைப்புகள் என்பதிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை, கோகனின் நிறங்கள் மட்டும் அருமை, நிறங்கள் மட்டும்தான்.

கேள்வி: காதல் கடிதங்கள்?

கிடைக்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஊகங்கள் ஏராளம், அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: அவர் கடிதங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

1916ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எழுதியது. கோத்ரோ அதற்கு முந்தின வருஷம் இறந்திருந்தார். ஸ்டூடியோவிலேயே இருந்த அந்தக் கறுப்பு உடைப் படத்தை ஆயிரம் பவுண்டுக்குத் தர சம்மதித்து, நான் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன் என்றார். யாரும் கேட்காமல், தானாகத் தேடிப்போய், காசு வாங்காமல் வரைந்த படத்தைத்தான் சொல்கிறார் என்பதை கவனியுங்கள். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்: பல வருஷத்துக்கு முன் அந்த அம்மாளோடு எனக்கு ஏற்பட்ட தகராறை முன்னிட்டு, படத்துக்கு அவர் பெயரை வைக்கவேண்டாம், பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லவேண்டாம்.

அருங்காட்சியகம் வாக்கைக் காப்பாற்றியது. படம் 'மேடம் எக்ஸ்' ஆனது. நான்தான் காப்பாற்றவில்லை, மேலே முழுப்பெயரையும் எழுதிவிட்டேன்.